சிறுவர் பிரிவுக்கும் பெரியவர் அறைக்கும் நடுவில்: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான பொது நூலக வழிகாட்டி

பதின்மூன்று வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட ஒருவர் நம் பக்கத்துப் பொது நூலகம் ஒன்றினுள் நுழைந்தால், அவருக்கென்று ஒதுக்கிய இடம் எதுவும் பெரும்பாலும் கண்ணில் படாது. ஒரு புறம் சிறுவர் பிரிவு இருக்கும். அங்கே நாற்காலிகள் குட்டையாகவும் புத்தகங்கள் படம் நிறைந்தவையாகவும் இருக்கும். மறுபுறம் நாளிதழ் மேசையைச் சுற்றிப் பணி ஓய்வு பெற்றவர்கள் அமர்ந்திருப்பார்கள்; உள்ளறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் தலை நிமிராமல் இருப்பார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் இவற்றுள் எதிலும் சேராமல் வாசலிலேயே தயங்கி, நாளடைவில் நூலகம் பக்கம் வருவதையே விட்டுவிடுகிறார்கள். வெளிநாடுகளில் பல நகர நூலகங்கள் இந்த வயதினருக்கெனத் தனிப் பகுதியும், அதைக் கவனிக்கத் தனி நூலகரும் வைத்திருக்கின்றன. நம்மிடம் அப்படியொரு பகுதி அரிது என்றாலும், அதில் வைத்திருக்கக்கூடியவற்றில் பெரும்பங்கு நம் நூலகக் கட்டடங்களுக்குள்ளேயே வேறு வேறு அறைகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவது எப்படி என்பதைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் வாழும் மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

எந்த நூலகம் உங்களுடையது

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவிலேயே பொது நூலகங்களுக்காக இயற்றப்பட்டுச் செயலுக்கு வந்த முன்னோடிச் சட்டம், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். இன்று தமிழ்நாட்டில் உள்ள மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் ஆகிய அனைத்தும் அந்தச் சட்டத்தின் வழியில் இயங்குபவை. உங்கள் வீட்டில் கட்டும் சொத்து வரியோடு, ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது; வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வாடகை வீட்டில் இருந்தாலும் வீட்டு உரிமையாளர் வழியாக அந்தப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே நூலகத்துக்குள் நுழையும்போது யாரிடமோ உதவி கேட்டுப் போவதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடலூர் நகரில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலம் போன்ற ஊர்களில் கிளை நூலகங்கள் உள்ளன. இவற்றுள் உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பதில் உறுப்பினராகுங்கள். பெரிய தேவை வரும்போது மைய நூலகத்துக்குச் செல்லுங்கள். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அவை திறந்திருக்கும் என்பது பள்ளி மாணவர்களுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லா அலுவலகங்களும் மூடியிருப்பதுபோல் நூலகமும் மூடியிருக்கும் என்று நினைத்துப் போகாமலிருப்பவர்கள் ஏராளம்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. அங்குள்ள அரசு நூலகங்களைக் கலை, பண்பாட்டுத் துறை நடத்துகிறது. அவற்றின் தலைமை இடம், அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1827இல் தொடங்கப்பட்ட அந்த நூலகம் முதலில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்து, பிறகுதான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளரான ரோமன் ரோலண்டின் பெயர் சூட்டப்பட்டது விடுதலைக்குப் பிந்திய காலத்தில்தான். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழி நூல்களும் அங்கே உண்டு. கொம்யூன் எனப்படும் புதுச்சேரியின் ஊர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு அந்தந்த ஊரிலேயே கிளைகள் இருக்கின்றன. பிரெஞ்சை மொழிப்பாடமாகப் படிப்பவர்கள், பிரெஞ்சு மொழியையும் பண்பாட்டையும் கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனத்தின் நூலகத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். அது பொது நூலகம் அன்று, அதன் உறுப்பினர் கட்டணமும் தனி.

இரண்டு ஆட்சிப் பகுதிகளும் பின்னிக் கிடக்கும் ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாகூரில் குடியிருப்பவருக்குக் கடலூர் பக்கத்து ஊராக இருந்தாலும் அவருடைய முகவரி புதுச்சேரிக்கு உரியது. நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினராக வேண்டும் என்பதால் முகவரிச் சான்று கேட்பார்கள். அந்த இடத்தில் எல்லைக்கு மறுபுறம் இருப்பவருக்குத் தடை வரலாம். உள்ளே அமர்ந்து படிப்பதற்கு அப்படிப்பட்ட தடை பொதுவாக இல்லை; வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். ஆகவே இரவல் வாங்குவதற்கு உங்கள் முகவரிக்கு உரிய நூலகத்தையும், உட்கார்ந்து படிப்பதற்கு அருகில் உள்ள நூலகத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

உறுப்பினராவது

உறுப்பினர் படிவம் நூலகரின் மேசையிலேயே கிடைக்கும். ஆதார் அட்டை அல்லது குடும்ப அட்டையின் நகல், புகைப்படம், காப்புத் தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை வழக்கமாகத் தேவைப்படுபவை. தொகை சிறியதுதான், நூலகத்துக்கு நூலகமும் எடுக்கும் நூல்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் அது மாறுவதால், முதல் நாள் சென்று விசாரித்துவிட்டு மறுநாள் உரிய தாள்களோடு போவது நல்லது. பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையொப்பம் கேட்கப்படலாம். அம்மாவையோ அப்பாவையோ ஒரு முறை நேரில் அழைத்துச் சென்றுவிட்டால் இரண்டு நன்மைகள் உண்டு. படிவ வேலை முடிந்துவிடும். பிள்ளை எந்த இடத்தில் எப்படிப்பட்டவர்களோடு அமர்ந்து படிக்கப் போகிறது என்பதையும் அவர்கள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் மாலையில் நூலகம் சென்று திரும்புவதற்கு வீட்டில் தயக்கம் இருந்தால், இந்த ஒரு வருகை பல நாள் வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

காப்புத் தொகைக்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பணம் பின்னாளில் உங்களுக்குத் திரும்பி வரக்கூடியது; சந்தா அப்படியன்று. நூலைத் திருப்பித் தர வேண்டிய தேதி பின் அட்டையின் உட்புறம் ஒட்டிய தாளில் முத்திரையிடப்பட்டிருக்கும். தேதி தாண்டினால் அபராதம் உண்டு. பெரிய தொகை இல்லை. நூல் தொலைந்துவிட்டால் அதே நூலை வாங்கித் தரவோ விலையைக் கட்டவோ சொல்வார்கள். தொலைத்த பயத்தில் நூலகத்துக்கே போகாமல் இருந்துவிடுவதுதான் இதில் உண்மையான இழப்பு; நேரில் போய்ச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒரு மாதக் கைச்செலவுக்குள் விஷயம் முடிந்துவிடும்.

நூலகரிடம் எப்படிக் கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படிக்குமாறு சொல்வேன். பதின்பருவத்தினருக்கென்று தனி அலமாரி இல்லாத ஒரு நூலகத்தில், அந்த அலமாரியின் வேலையை நூலகரிடம் நீங்கள் கேட்கும் கேள்விதான் செய்ய வேண்டியிருக்கிறது. கேட்கத் தயங்குபவர்கள் கண்ணெதிரில் இருக்கும் இரண்டு அலமாரிகளைப் புரட்டிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்ற முடிவோடு திரும்பிவிடுகிறார்கள்.

நூலகவியல் படித்த எவரும் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் படிக்காமல் தேறியிருக்க முடியாது. 1931இல் அவர் வெளியிட்ட அந்த விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. நான்காவது, வாசகரின் நேரம் சேமிக்கப்பட வேண்டும் என்பது. உங்களுக்குரிய நூலைத் தேடித் தருவது நூலகர்களுடைய பணியின் மையம் என்பதால், கேட்பதால் தொந்தரவு செய்கிறோமோ என்ற எண்ணம் வேண்டாம். நூல்கள் கொடுக்கல் வாங்கல் நெரிசலாக இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, கூட்டம் ஓய்ந்த வேளையில் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல விடை வரும். “சார், ஏதாவது நல்ல புக் இருக்குதா?” என்று கேட்டால், அவர் கை நீட்டிக் காட்டும் அலமாரியில் எல்லாம் இருக்கும், உங்களுக்கானது மட்டும் இருக்காது. அதற்குப் பதிலாக மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: எந்த வகுப்புப் படிக்கிறீர்கள், கடைசியாக விரும்பிப் படித்தது எது, எதற்காக இப்போது தேடுகிறீர்கள். “மேடம், பத்தாவது படிக்கிறேன். துப்பறியும் கதைகள் நிறையப் படித்துவிட்டேன். அதைவிடக் கொஞ்சம் கனமான நாவல், இருநூறு பக்கத்துக்குள் இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்பவருக்கு அவர் நிச்சயம் எழுந்து வருவார். பாடத்துக்காகத் தேடும்போதும் அப்படியே. “வரலாறு புத்தகம்” என்று கேட்காமல், “சோழர் காலத்து நீர்ப்பாசனம் பற்றித் தமிழில் எளிமையாக” என்று கேட்க வேண்டும்.

நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதித் தேடலை நீங்களே முடித்துக்கொள்ளலாம். அது மூன்று இலக்க எண்ணில் தொடங்கினால் டியூயி தசமப் பகுப்பு முறை. அதில் 500களில் அறிவியல், 600களில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை முதலிய பயன்பாட்டுத் துறைகள், 800களில் இலக்கியம், 900களில் வரலாறும் புவியியலும் இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினால், அது ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையாக இருக்கலாம். அதில் ‘ஓ’ என்ற எழுத்து இலக்கியத்தையும் ‘வி’ என்ற எழுத்து வரலாற்றையும் குறிக்கும். உங்கள் நூலகம் எதைப் பின்பற்றுகிறது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு குறுக்குவழியும் உண்டு. வாசகர்கள் திருப்பித் தந்து, இன்னும் அலமாரிக்குப் போகாத நூல்கள் நூலகர் மேசைக்கு அருகில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த அடுக்கைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பதை அதைவிட நேர்மையாகக் காட்டும் பட்டியல் எதுவும் இல்லை. தூசி படிந்த ஆயிரம் நூல்களுக்கு நடுவே ஆள்மாறி ஆள்மாறிக் கை பட்ட நூல் எது என்று அங்கே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சிறுவர் கதைகளிலிருந்து பெரியவர்களுக்கான இலக்கியத்துக்கு மாறும் காலத்தில், நேராகத் தடித்த நாவலை எடுப்பவர்கள் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிடுவதுண்டு. சிறுகதைத் தொகுப்பில் தொடங்குவதே என் பரிந்துரை. ஒரு கதை பிடிக்காவிட்டால் அடுத்த கதைக்குப் போகலாம். பிடித்த எழுத்தாளர் கிடைத்ததும் அவருடைய நாவலுக்குச் செல்லலாம். எடுத்த நூலைப் பாதியில் நிறுத்தித் திருப்பித் தருவதில் குற்றம் ஏதும் இல்லை. காசு கொடுத்து வாங்காத நூல் என்பதால் அந்தச் சுதந்திரம் நூலகத்தில்தான் முழுமையாகக் கிடைக்கிறது. அறிவியல் ஆர்வம் உள்ளவர்கள், தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சேர்ந்து வெளியிடும் ‘துளிர்’ மாத இதழ் பருவ இதழ்ப் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளித் திட்டப்பணிக்கு நூலகம்

செயல்திட்டம் என்றதும் கைப்பேசியில் தேடி, கிடைத்த முதல் பக்கத்தை அப்படியே எழுதித் தருவதே இப்போது பெருவழக்காகிவிட்டது. நம் ஊரைப் பற்றிய பொருளாக இருந்தால் இணையத்தில் கிடைப்பது மிகச் சொற்பம். நூலகத்தில்தான் அதிகம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலா விவசாயத்தை எப்படிப் பாதித்தது என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். பத்து முதல் பதினேழு வயது வரை உள்ள மாணவர்கள் கலந்துகொள்ளும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக்கூட இப்படிப்பட்ட பொருள் ஏற்றதாக இருக்கும்.

முதலில் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆகவே உங்களுக்குத் தேவையானவை 2011 டிசம்பர் 31 தொடங்கி 2012 ஜனவரி, பிப்ரவரி வரையிலான நாளிதழ்கள். எல்லா நூலகங்களும் பழைய நாளிதழ்களைக் கட்டுக் கட்டி வைத்திருப்பதில்லை. கிளை நூலகத்தில் இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்திலும், புதுச்சேரியில் இருப்பவர்கள் ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் கேட்க வேண்டும். கேட்கும்போது தேதியைத் தாளில் எழுதிக்கொடுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிச் சென்றால், கிடங்கில் இருக்கும் கட்டுகளையும் எடுத்துத் தர நூலகருக்கு எளிதாக இருக்கும்.

ஒரே செய்தியை இரண்டு நாளிதழ்களில் படித்து ஒப்பிடுங்கள். புயல் அடித்த மறுநாள் வெளியான சேதக் கணக்கும் இரண்டு வாரம் கழித்து வெளியான கணக்கும் ஒன்றாக இருக்காது. ஏன் மாறியது என்று எழுதுவதே உங்கள் திட்டப்பணியின் சிறந்த பகுதியாக அமையக்கூடும். குறிப்பெடுக்கும்போது நாளிதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அந்தக் குறிப்பின் தலையிலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் அவற்றை நினைவிலிருந்து மீட்க முடியாது. கைப்பேசியில் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். பழைய தாள் உடையும் தன்மை கொண்டது என்பதால் ஓரத்தைப் பிடித்துப் புரட்டாமல் அடியில் கையைக் கொடுத்துப் புரட்டுங்கள்.

அடுத்து, நூலகத்தின் குறிப்புதவி நூல் (ரெஃபரன்ஸ்) பகுதிக்குச் செல்லுங்கள். அங்குள்ள நூல்களை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே அமர்ந்து பார்க்க வேண்டும். மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு இருந்தால், புயலுக்கு முன்னும் பின்னும் எத்தனை ஹெக்டேரில் முந்திரி பயிரானது என்பதைத் தேடலாம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடலூர் மாவட்டம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆகவே அதற்கு முந்திய எந்தத் தகவலையும் கடலூர் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது, தென்னார்க்காடு என்றுதான் தேட வேண்டும். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு) போன்ற ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களும் அந்தப் பெயரிலேயே உள்ளன. புதுச்சேரியில் நிலைமை வேறு. 1954இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வருவதற்கு முந்திய அரசு ஆவணங்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. பிரெஞ்சு படிக்கும் நண்பர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இவ்வளவும் செய்தபின் பண்ருட்டிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். நூலகத்தில் படித்துவிட்டுப் போவதால் உங்கள் கேள்விகள் கூர்மையாக இருக்கும். மாமா, அந்த வருஷம் எத்தனை மரம் சாய்ந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், நிவாரணம் எப்போது வந்தது, மறுபடி நட்ட கன்று எந்த ஆண்டு காய்த்தது என்று கேட்கத் தோன்றும்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கும், தொலைக்காட்சிச் சத்தத்தில் படிக்க முடியாதவர்களுக்கும் நூலகத்தின் வாசிப்புக் கூடம் பெரிய வரம். மின்விசிறி, வெளிச்சம், அமைதி ஆகிய மூன்றும் செலவில்லாமல் கிடைக்கும். சொந்தப் பாடநூலைக் கொண்டுசென்று படிக்க அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சில நூலகங்களில் அதற்கெனத் தனி இடம் இருக்கும், சில நூலகங்களில் பையை வாசலிலேயே வைத்துவிட்டுக் குறிப்பேட்டை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும். பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் இருக்கைகள் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது உத்தமம்.

தேர்வு வழிகாட்டி நூல்களை எடுக்கும்போது பதிப்பாண்டைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டம் 2018-19 கல்வியாண்டிலிருந்து படிப்படியாக மாற்றப்பட்டது. அதற்கு முந்திய மேல்நிலை வகுப்பு வழிகாட்டிகள் இப்போதைய பாடத்தோடு பொருந்தாது. நீட் தேர்வின் பாடத்திட்டமும் 2024ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து திருத்தப்பட்டிருக்கிறது. பழைய தொகுப்புகளில் நீக்கப்பட்ட பாடங்களும் கலந்து இருக்கும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ முறைக்கு மாறிவிட்டதால் அங்கு படிப்பவர்கள் என்சிஇஆர்டி பாடநூல்களைக் கேட்க வேண்டும். கடலூர்ப் பக்கத்து அண்ணன் கொடுத்த வழிகாட்டி அவர்களுக்கு அவ்வளவாக உதவாது. டிஎன்பிஎஸ்சி தொகுதி 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினெட்டு வயதும் வேண்டும். அந்தத் தேர்வில் பள்ளிப் பாடநூல்களே பெரும்பகுதி அடிப்படை என்பதால், பிளஸ் டூ முடிக்கும் மாணவர் போட்டித் தேர்வுப் பகுதியை ஒரு முறை சுற்றிப் பார்த்துவைப்பது வீண் இல்லை.

இருந்தாலும் என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பதினான்கு வயதிலேயே நூலகம் என்றால் வினா விடைத் தொகுப்பு என்று ஆகிவிடக் கூடாது. தேர்வுப் பகுதிக்கு எவ்வளவு நேரம் தருகிறீர்களோ, அதில் நான்கில் ஒரு பங்கையாவது தேர்வோடு தொடர்பில்லாத ஒரு நூலுக்குத் தாருங்கள். கதைப் புத்தகம் படித்து மார்க் குறையப் போகிறது என்று வீட்டில் சொன்னால், தமிழ்த் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் சொந்த நடையில் எழுத வேண்டிய கட்டுரைக்கும் கடிதத்துக்கும் எந்த வழிகாட்டியும் உதவாது என்பதை அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

ஆங்கிலத்தை வலுப்படுத்த நினைப்பவர்களுக்கு நாளிதழ் மேசையில் ஓர் எளிய பயிற்சி இருக்கிறது. ஒரே நாளில் வெளியான தமிழ் நாளிதழையும் ஆங்கில நாளிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வந்திருக்கும் உள்ளூர்ச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படித்தால், தெரியாத சொல்லின் பொருள் இடத்தை வைத்தே விளங்கிவிடும். அகராதியை அதன்பிறகு எடுத்தால் போதும். துறைமுகச் செய்தியோ, கெடிலம் ஆற்று வெள்ளச் செய்தியோ, நீங்கள் அறிந்த இடத்தைப் பற்றியதாக இருந்தால் பயிற்சி இன்னும் எளிதாகும்.

கேட்கக் கூச்சப்படும் பொருள்கள்

இந்த வயதில் உடலிலும் மனத்திலும் வரும் மாற்றங்களைப் பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கைப்பேசியில் தேடுபவர்கள், அரைகுறைத் தகவலிலும் பயமுறுத்தும் காணொளிகளிலும் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவர்கள் எழுதிய வளரிளம் பருவ நூல்களும் மனநல நூல்களும் மருத்துவ அலமாரியில் இருக்கும். நூலகரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அலமாரி எண்ணைப் பார்த்து நீங்களே எடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பம் இல்லையென்றால் அங்கேயே அமர்ந்து படித்துவிட்டு வைத்துவிடலாம். நூலைப் படித்தபிறகும் மனம் தாங்காத அளவுக்குத் துயரம் இருந்தால், 14416 என்ற டெலிமானஸ் எனப்படும் அரசின் மனநல உதவி எண்ணில் கட்டணம் இல்லாமல் பேசலாம். யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண்.

கட்டடத்துக்கு வெளியே

நூலகம் மூடியிருக்கும் நேரத்துக்கு மூன்று இணையதளங்கள் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளும் பழைய அரிய நூல்களும் கட்டணம் இல்லாமல் கிடைக்கின்றன. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதலான நூல்கள் எழுத்து வடிவில் இருப்பதால், ஒரு செய்யுள் வரியைத் தேடி எடுப்பது எளிது. கரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னணு நூலகத்தில் பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் உண்டு.

நூலகத்தில் நீங்கள் தேடும் நூல் இல்லையென்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். வாசகர் பரிந்துரைப் பதிவேடு எங்கே என்று கேட்டு, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஒரே நூலை நான்கு மாணவர்கள் தனித்தனியாக எழுதினால் அது கண்ணில் படும். மிக அரிய நூலாக இருந்தால் சென்னையில் உள்ள கன்னிமாரா நூலகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியையும் பெறும் உரிமை உள்ள நூலகங்களுள் அதுவும் ஒன்று. கோடை விடுமுறையில் சென்னைக்குச் சித்தி வீட்டுக்குப் போகும்போது பார்த்துவிட்டு வரலாம்.

கொடுப்பதற்கும் இடம் இருக்கிறது. பல நூலகங்களில் வாசகர் வட்டம் இயங்குகிறது. அதன் கூட்டங்களில் ஒரு நூலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச உங்களுக்கும் வாய்ப்புக் கேட்கலாம். பெரியவர்கள் முன்னால் பேசிப் பழக இதைவிடப் பாதுகாப்பான மேடை கிடைக்காது. தமிழ்நாட்டில் நூலகத்துக்கு வர இயலாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே நூல் கொண்டுசெல்லும் நூலக நண்பர்கள் திட்டம் நடைபெறுகிறது; உங்கள் ஊரில் அதில் சேர வயது வரம்பு என்ன என்று விசாரியுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் என்பதால், பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் பெரும்பாலும் அந்த நாள்களில் அறிவிக்கப்படும். அறிவிப்புப் பலகையை அக்டோபர் இறுதியிலிருந்தே பார்த்துவாருங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள், பிரெயில் நூல்களோ ஒலி நூல்களோ எந்த நூலகத்தில் இருக்கின்றன என்பதை மைய நூலகத்தில் கேட்டறியலாம். படிக்க உதவும் நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதற்கும், இருவரும் மெல்லிய குரலில் பேசுவதற்கு ஒதுக்குப்புறமான இடம் தருமாறு கேட்பதற்கும் தயங்க வேண்டாம்.

பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரிக்குப் போவதாக இருந்தால், விடுதிக்குப் பெட்டி கட்டும் வாரத்துக்கு முன்பே கையில் இருக்கும் நூல்களைத் திருப்பித் தந்துவிட்டு, காப்புத் தொகை ரசீதோடு விண்ணப்பம் எழுதிக்கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ ஏழாவது எட்டாவது படித்துக்கொண்டிருந்தால், அந்தப் பணத்தையே அவர்களுடைய உறுப்பினர் படிவத்துக்குக் கட்டிவிட்டு, எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதை ஒரு முறை உடன் நடந்து காட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பலாம்.